கேதீஸ்வரி கொண்டுபோய்க் கொடுத்த அட்டை

கேதீஸ்வரி மச்சாளுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறார். என் பெரியப்பா மகன் ஜெயந்தன் அண்ணனைக் கலியாணம் செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அப்போது நான் சுவிற்சர்லாந்துக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், சலவைப் பகுதியில் வேலை. செய்தி கடிதத்தில் வந்தது. வந்துசேர ஆறு கிழமை எடுத்தது. வாசித்துவிட்டு நான் அழவில்லை. இரண்டு நாள் வழமைபோல வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் ஒரு கவிதை எழுதினேன். அதில் ஒரு பெண் அந்திநேரத்தில் கையில் விளக்கோடு வாவிக்கரையில் நிற்கிறாள். புருஷனின் தோணி வரும் என்று பார்த்திருக்கிறாள். அண்ணனிடம் தோணியே இருக்கவில்லை. அவர் வயல் வட்டையில் வேளாண்மை செய்தவர், வலை வீசவும் தெரியாது. ஆனால் கவிதைக்கு ஒரு தோணி வேண்டியிருந்தது.

என்னை எழுத்தாளன் என்று நாலு பேர் சொல்லத் தொடங்கியது அந்தக் கவிதையால்தான். பாரிஸில் வாசித்தேன், ஒஸ்லோவில் வாசித்தேன், ஜெர்மன் மொழியிலும் வந்தது. போர் உங்கள் கிராமத்துக்கு எவ்வளவு கிட்ட நடந்தது என்று மேடையில் கேட்பார்கள். வயலுக்கு அந்தப் பக்கம், வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டுதான் சோறு சாப்பிடுவார்கள் என்று சொல்வேன். அதுவும் கடிதத்தில் வாசித்ததுதான். சண்டை கடுமையான வருடங்களில் நான் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

சண்டை முடிந்த பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் மச்சாள் வீட்டில் தேத்தண்ணி குடித்து, மகளின் படிப்பையும் கலியாணத்தையும் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்த வருடம் மாசியில் போனபோது பேச்சை அவரே தொடங்கினார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து தனுஷியா என்று ஒரு மாணவி போன வருடம் அவரைத் தேடி வந்தாளாம். என் கவிதைகளைப் பற்றி ஆய்வு எழுதுகிறவள்.

“அந்தக் கவிதையில வாற பொம்புள நீங்களா எண்டு கேட்டாள். ஓம் எண்டன்.”

“ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“வெயிலுக்க ரெண்டு பஸ் மாறி வந்த புள்ள, மச்சான். இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுற?”

விளக்கோடு வாவிக்கரையில் நின்றால் ஒரு படம் எடுக்கலாம் என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள். வீட்டில் இருந்தது சாமித்தட்டில் வைக்கிற சின்னச் சிட்டி விளக்குத்தான். அது படத்தில் தெரியாது என்று பிள்ளையார் கோயிலில் ஒரு குத்துவிளக்கைக் கேட்டு வாங்கி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சேற்றில் இறங்கி நின்றாராம். காற்றுக்குத் திரி நிற்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவும் இல்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. மடியில் சுளகை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். கேட்க முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். ஆம்பிளைகள் எல்லாரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட வளவுக்கு வரவேண்டும். அண்ணன் வயலுக்குப் போக நின்றவர் அப்படியே போய்விட்டார். அட்டை கொடியில் கிடந்த மற்றச் சட்டைப் பையில் இருந்தது. மச்சாள் அதைக் கண்டதும், இரண்டு வயது மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். வளவில் அட்டை இருக்கிறவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை வேலியோரமாக இன்னொரு பக்கமும் இருத்தியிருந்தார்கள். அண்ணன் வேலியோரம் இருந்தார். வேலிக்கு மேலால் அட்டையை நீட்டியதும் அவர் முகம் தெளிந்ததாம்.

“வாங்கிக்கொண்டு எழும்பி மற்ற வரிசைக்குப் போனார். நீ போ, புள்ள அழும் எண்டார். பின்னேரம் அட்டை இல்லாத ஆக்கள வீட்ட விட்டாங்க. மற்ற ஆக்கள பஸ்ஸில ஏத்தினாங்க.”

நான் கையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்தேன். நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

அண்ணனைக் கொண்டுபோன அடுத்த கிழமை வேளாண்மை வெட்டாம். கதிர் முற்றிவிட்டது, விட்டால் கொட்டிப் போகும். ஊரில் வெட்ட ஆம்பிளைகள் இல்லை, திரும்பி வந்தவர்களும் பயத்தில் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒருவர் வயலை மாறி ஒருவர் வயலாக வெட்டினார்கள். மேற்கே வெடி கேட்கும். வரம்போடு குந்தியிருப்பார்கள், நின்றதும் திரும்ப வெட்டுவார்கள். அழுததாக நினைவில்லை, முதுகு நொந்தது நினைவிருக்கிறது என்றார். அதன்பிறகு முகாம் முகாமாக அலைந்தார். போன இடமெல்லாம் அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். அட்டை அண்ணனோடு போய்விட்டது, இலக்கம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

மகளுக்குக் கலியாணம் பேசியபோது காணியை அவளுடைய பேரில் எழுத வேண்டியிருந்தது. காணி அண்ணனின் பேரில். மரணச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்றார்கள். எழுதுகிற உத்தியோகத்தர் இறந்த திகதி என்ன என்று கேட்டிருக்கிறார். மச்சாள் வெட்டு முடிந்த நாளைச் சொன்னாராம். அந்த மாதத்தில் அவருக்குத் திகதியோடு நினைவிருந்தது அது ஒன்றுதான்.

“அட்டை குடுத்ததை ஆருக்காவது சொன்னீங்களா?”

“காணாமப்போனவங்கட விசாரணைக்கு வந்த ஆக்களுக்குச் சொல்லல்ல. மகளுக்கும் சொல்லல்ல. நீங்க கேட்டீங்க, சொன்னன்.”

அந்தக் கவிதையை இனிப் புத்தகத்தில் போடமாட்டேன் என்றேன். அவர் சுளகைத் தட்டிவிட்டு எழும்பினார்.

“கிடக்கட்டும், மச்சான். அந்தப் புள்ளைக்கு நல்ல புள்ளி கிடைச்சதாம். வந்து சொல்லிற்றுப் போனாள்.”

பேர்ணுக்குத் திரும்பியதும், என் தொகுப்பை அச்சிடவிருந்த சென்னைப் பதிப்பாளருக்கு அந்தக் கவிதையை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். புத்தகத்தின் பெயரே அந்தக் கவிதையின் பெயர்தான், எப்படி எடுப்பது என்று பதில் வந்தது. நான் வாதாடவில்லை. புத்தகம் அப்படியே வந்தது. பள்ளிக்கூட வளவையும் வேலியையும் எழுதிப் பார்த்தேன். நாலு வரி வந்தது. திரும்ப வாசித்தால் நாலும் யாரோ கைதட்டுவதற்காக எழுதியதுபோல இருந்தது. விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மச்சாளுடன் தொலைபேசியில் பேசினேன். மகளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருக்கிறது. வாழைச்சேனையில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்திருக்கிறார். போன கிழமை யானை வந்து வேலியை முறித்ததாம். இந்தமுறை பாதிக் காணிதான் விதைத்திருக்கிறார். மழை தொடங்கிவிட்டது என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்தது.