வள்ளத்தின் பங்கு

வலயக் கல்விக் கந்தோரில் மூன்றாம் தரத்துக்கான கணிதப் பயிற்சிநூலைத் தெரிவு செய்யும் கூட்டம். பெற்றோர் சார்பில் போயிருந்தேன். பலரும் விரும்பிய நூலைப் புரட்டியபோது ஒரு கணக்கு கண்ணில் பட்டது: ஒரே வள்ளத்தில் போன மூன்று பேர் பன்னிரண்டு மீனைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை?

இப்படியொரு கணக்குக்கு எட்டு வயதில் நான் மூன்று என்று எழுதினேன். பேசாலைக் கரையில், ஈர மணலில், அப்பா மீனைக் கூறு வைப்பார். முதல் கூறு வள்ளத்துக்கு. வலையும் எஞ்சினும் திருத்துவது அந்தக் கூறு விற்ற காசில்தான். ஆட்கள் மூன்று என்றால் கூறு நான்கு. மண்ணெண்ணெயும் செதிலும் மணக்கும் கையால் என் கணக்குக் கொப்பியை வாங்கி, பிழையென்று வாத்தியார் போட்ட சிவப்புப் புள்ளடியைப் பார்த்தார்.

"வள்ளம் என்ன, சும்மாவோ வந்தது?" என்றார்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். கணக்கில் வள்ளத்துக்குப் பங்கில்லை என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன்.

"விடை நாலு எண்டு அச்சடிச்சாச்சு, மிஸ். வள்ளம் மீன் தின்னுமோ?" என்றார் அதிகாரி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அந்த நூலுக்குக் கை தூக்கினார்கள். பேசாலைப் பிள்ளைகளுக்கு வகுத்தல் வராது என்று அடுத்த தவணைப் பரீட்சை முடிய இதே கந்தோருக்கு அறிக்கை வரும்.