சுவருக்கு மேலே ஒரு முகம்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதிப் பழக்கமில்லாதவன் நான். இன்று முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொரோனாக் காலம். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம். கொழும்பில் கடை வேலை பார்த்த என் மகன் தீபாவளிக்கு வந்து இறங்கினான். வந்த கையோடு காய்ச்சல், இருமல். சுகாதார அதிகாரிகள் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்துப் போனார்கள். முடிவு வரும்வரை யாரும் வாசல் தாண்டக் கூடாது என்றார்கள்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் நமக்குத் தும்மல் வரும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், நிறைமாதம்.

தொட்டால்தான் பரவும் என்றது போனில் வந்த ஒரு செய்தி. காற்றிலேயே வரும் என்றது இன்னொன்று. கொத்தமல்லி அவித்துக் குடித்தால் கிட்டவே வராது என்றார் ஒருவர். குளிரில் இருக்கிறவர்கள் தப்பமாட்டார்கள் என்றார் மற்றவர். எதை நம்புவது? என் மகன் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை நினைத்துத் தலையணையை வாயில் அழுத்தி இருமலை அடக்கினான். முகம் கறுத்துப்போகும். பெற்றவர்களால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை சுவருக்கு மேலே சரசரவென்று சத்தம். உரச் சாக்குகளைத் திணித்து இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கிவிட்டார்கள் என்று என் மனைவி அழுதாள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசிச் சாக்கைச் சொருகுமுன் அந்தப் பெண்ணின் அம்மா முகம் மேலே தெரிந்தது. மேசைமேல் ஏறி நின்றிருக்கிறார்.

"அண்ணே, எங்க அவன்? டேய், தலகாணிய எடுடா! ராவெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். இப்படி அடக்குனா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

"சின்னம்மா, தங்கச்சிக்கு வந்துருமே..."

"அதுக்குத்தானே கோட்டை கட்டுறேன்! இனிமே சிங்கம் மாதிரி இருமு. சத்தம் கேக்கலன்னாத்தான் எனக்குப் பயம்."

சாக்கு மூடியது. அதற்குப் பிறகுதான் அவன் வாய்விட்டு இருமினான். உடனே அந்தப் பக்கமிருந்து சுவரில் ஒரு தட்டு, கேட்டுவிட்டது என்று சொல்கிற மாதிரி. மறுபடி இருமினான், மறுபடி தட்டு. அவனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இன்னும் இருமினான். தினமும் அந்த அம்மா எங்கள் வாசலில் ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துவிட்டு, தூரப் போய் நின்று கூப்பிடுவார்.

மகன் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் முடிவு வந்தது. கொரோனாதான். அடுத்து அந்தப் பெண்ணுக்கும் குச்சி விட்டு எடுத்தார்கள். அந்த முடிவு வரும்வரை எங்கள் வீட்டுச் சாமி விளக்கை நாங்கள் அணையவிடவில்லை. அம்மன் புண்ணியம், ஒன்றுமில்லை.

பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் வந்த அன்று சாக்குகளை இழுத்துப் போட்டார்கள். முதலில் இந்தப் பக்கம் வந்தது பிள்ளையின் அழுகைதான். என் மகன் எழுந்துபோய்ச் சுவரில் ஒரு தட்டு தட்டினான்.

சாக்கு காப்பாற்றியதா, கொத்தமல்லியா, எனக்குத் தெரியாது. சாமி என்றுதான் என் மனசு சொல்கிறது. அந்தச் சாமி மேசைமேல் ஏறி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அன்று எங்களுக்கு வந்த செய்தியெல்லாம் ஆளுக்கு ஆள் மாறித்தான் வந்தது. இதை நீங்கள் யாருக்காவது சொன்னால் கூட்டாமல், குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை இது ஒன்றுதான்.