கம்பெனி அதேதான்

ரசாக் பாயின் இடது கைக் கட்டைவிரல் போனதற்கு நான்தான் காரணம்.

மெஷின்தான் காரணம் என்று கடத்தூரில் சிலர் சொல்வார்கள். கரண்டு காரணம் என்பார்கள் சிலர். தன் கவனக்குறைவு என்று ரசாக் பாயே சொல்வார். ஒருவரையும் நம்பாதீர்கள். நான் சொல்கிறேன்... நான்தான்!

உங்களிடம் எதற்காகச் சொல்கிறேன்? நீங்கள் என் கடைக்கு வந்து நிற்கப்போவதில்லை. என் முகத்தைப் பார்க்கப்போவதும் இல்லை. அதனால்தான். கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் சொல்ல வாயைத் திறந்துவிட்டால் இந்தத் தங்கவேலு மென்று விழுங்குகிற ஆள் இல்லை.

கடத்தூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் எனக்கு டூல்ஸ் கடை. டிரில்லிங் மெஷின், கிரைண்டர், கட்டிங் மெஷின் என்று கையில் பிடித்து ஓட்டுகிற மின்கருவி எதுவானாலும் என்னிடம் உண்டு. தற்பெருமை என்று கொள்ளாதீர்கள். கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. இந்தத் தொழிலில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நீங்களெல்லாம் பெட்டியின் மேலிருக்கும் பெயரைப் பார்த்து வாங்குகிறீர்கள். நான் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருக்கும் தயாரிப்பாளர் பெயரைப் படிக்கிறவன்.

அந்த ஒரு வரியில் எத்தனை கூத்து! விளம்பரத்தில் கீரியும் பாம்புமாக அடித்துக்கொள்ளும் இரண்டு பிராண்டுகளுக்கு முதலாளி ஒருவராகவே இருப்பார். மூன்று நிறத்தில் மூன்று பெயரோடு வருகிற டிரில்லிங் மெஷின்கள் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவையாக இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த பெயரை மட்டும் விற்றுவிட்டு, பழைய முதலாளி நிம்மதியாக வேறு தொழிலுக்குப் போயிருப்பார். எனக்குக் கழற்றிப் பார்த்தால் போதும். மோட்டாரில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும் விதமும் சுவிட்சின் சொடுக்கும் சொல்லிவிடும், இது யார் வீட்டுப் பிள்ளை என்று.

எங்கள் பக்கத்தில் ஒரு சொல் புழங்குகிறது. கம்பெனி! ‘இது கம்பெனிங்களா?’ என்று கேட்டால், போலியில்லையே, நம்பி எடுக்கலாமா என்று பொருள். ‘கம்பெனிதான்’ என்று கடைக்காரன் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. எந்தக் கம்பெனி என்று அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நான் செய்த பாவம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் பதுங்கியிருந்தது.

சாம்பல் நிறப் பெட்டியில் வரும் ஒரு பிராண்டு. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். பயந்துகொண்டு அல்ல. பெயரைச் சொன்னால் உங்கள் கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். எனக்கு வரவேண்டியதை நான் ஏன் பங்கு போட வேண்டும்?

அவர்களுடைய கட்டிங் மெஷின் எங்கள் ஊரில் கொடிகட்டிப் பறந்தது. கல்லும் டைல்ஸும் அறுப்பதற்கென்று செய்த கருவி அது. ஆனால் நம் மரவேலைக்காரர்கள் அதில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டி பிளைவுட்டைத் துண்டு போடுவார்கள். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். பழைய மெஷினில் விரலை எடுத்தால் சுவிட்ச் தானாகத் திரும்பிவிடும், ஓட்டம் நின்றுவிடும். ஒரு வருட வாரண்டி. உள்ளே மரத்தூள் அடைத்துக்கொண்டிருந்தாலும் சர்வீஸ் சென்டரில் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.

பிறகு அந்தப் பெயர் கைமாறியது. வாங்கியவர்கள் வேறு, செய்கிற தொழிற்சாலை வேறு. பெட்டி மட்டும் அதே சாம்பல் நிறம்! தள்ளினால் அப்படியே நின்றுகொள்ளும் புதுவகைச் சுவிட்ச் வந்தது. வாரண்டியும் மாறியது. வாங்கியதும் செல்போனில் பதிவு செய்தால்தான் செல்லும். அதோடு கூடுதலாக ஒரு நிபந்தனை: மரம் அறுத்திருந்தால் வாரண்டி கிடையாது.

இதை எழுத்து விடாமல் படித்தவன் நான். படித்துவிட்டு என்ன செய்தேன்? அதே பையில் மரப்பிளேடையும் போட்டு விற்றேன்.

பதிவு விஷயத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். ஓடிபி என்றாலே நம் ஆட்களுக்குக் கிலி. அதனால் எல்லோருடைய மெஷினையும் என் செல்போன் எண்ணிலேயே பதிவு செய்தேன். ‘உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தலவலி?’ என்பேன். எவ்வளவு உபகாரி என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். உண்மை என்ன தெரியுமா? ஒரு சின்னப் பழுதென்றாலும் அவர்கள் என் கடை வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். அதற்காகத்தான் செய்தேன்!

ரசாக் பாய் என் நெடுநாள் வாடிக்கையாளர். கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் சுத்தமாகச் செய்வார். அவருடைய பழைய மெஷின் ஓய்ந்துபோய் புதிது எடுக்க வந்த அன்று, அவர் மனைவியின் தம்பி சலீமும் கூட வந்திருந்தான். சலீம் ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உள் அலங்கார மரவேலை செய்கிறவன். கடைக்குள் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். சாம்பல் பெட்டியைப் பார்த்ததும் சலீம் சொன்னான்:

“இதுவா? பேருதான் அது. வித்துட்டாங்க. இப்ப செய்யறவன் வேற ஆளு. எங்க சைட்ல இத யாரும் தொடறதில்ல.”

ரசாக் பாய் என்னைப் பார்த்தார். “ஏங்கண்ணா, கம்பெனி அதேதானுங்களா?”

அவன் சொன்னது முழு உண்மை. ஆனால் என் கடைக்குள் நின்றுகொண்டு, என் ஆட்களுக்கு முன்னால், என் சரக்கின் பூர்வீகத்தை ஒரு பொடியன் எனக்குச் சொல்வதா! தலைக்கு ஏறிவிட்டது.

“கம்பெனி அதேதான் பாய்! ஓசூர்ல நாலு வூட்டுக்கு அலமாரி அடிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சுருமா தம்பி?”

எல்லோரும் சிரித்தார்கள். சலீமின் முகம் சிறுத்துவிட்டது. ரசாக் பாய் மச்சினன் தோளில் தட்டி, “அண்ணன் சொன்னா சரியா இருக்கும்டா” என்று சாம்பல் பெட்டியை எடுத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடவில்லை பாருங்கள், இன்னொருவரைக் கெடுத்தது.

சில மாதங்கள் போயின. ஒருநாள் என் செல்போனுக்குக் கம்பெனியிடமிருந்து குறுஞ்செய்தி. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது, பதிவான ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்றாக. கட்டிங் மெஷினின் சுவிட்ச் சில சமயம் அணையாமல் சிக்கிக்கொள்கிறது; உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள்; இலவசமாக மாற்றித் தருகிறோம்...

நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. அன்றே எல்லோரையும் அழைத்தேன். வாங்கியவர்கள் அத்தனை பேரும் தெரிந்த முகங்கள்தானே. குறையைச் சொல்லவில்லை. ‘கம்பெனியில ஆஃபர் போட்டிருக்கான், பழசக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கங்க’ என்றேன். மகிழ்ச்சியாக வந்து மாற்றிக்கொண்டார்கள்.

ரசாக் பாயையும் அழைத்தேன். கேளுங்கள், அழைத்தேன்!

“சொல்லுங்கண்ணா! நானே கூப்புடணும்னு இருந்தேன்” என்று அவரே பேச்சைப் பிடித்துக்கொண்டார். “மெஷினு பிரமாதமா ஓடுதுங்க. மொரப்பூர்ல ஒரு புது வூட்டு வேலை, பிளைவுட்டு பூரா இதுலதான் அறுக்கறேன். சலீமுக்குப் போனப் போட்டு, அண்ணன் சொன்னாப்பல அதே கம்பெனிதான்டான்னு சொல்லிட்டேன். பையன் வாயே தொறக்கல!”

“அப்படிங்களா பாய்...”

“நீங்க எதுக்குங்க கூப்புட்டீங்க?”

மற்றவர்களிடம் சொன்ன பொய்யை இவரிடம் சொல்ல முடியாது. நன்றாக ஓடுகிற மெஷினை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பார். சலீமிடம் சொல்வார். அவன் துருவித் துருவி விஷயத்தைப் பிடித்துவிடுவான். அன்று சிரித்த கூட்டம் நாளைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கும்... இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் என் மண்டைக்குள் ஓடி முடிந்தது.

“சும்மாதான் பாய். வேல எப்படிப் போவுதுன்னு கேக்கலாம்னு” என்றேன்.

நேரில் வரும்போது நயமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேனா? இப்போது கேட்டுப் பார்க்கிறேன். தெரியவில்லை.

அந்த வாரமே நடந்துவிட்டது. மொரப்பூரில் பலகையை அறுத்துக்கொண்டிருந்தபோது கரண்டு போயிருக்கிறது. சுவிட்சைப் பின்னுக்கு இழுத்துவிட்டு மெஷினைப் பலகைமேல் வைத்திருக்கிறார். இழுத்ததென்னவோ உண்மை, உள்ளே அது சிக்கியே இருந்திருக்கிறது. நகர்ந்திருந்த பலகையை இடது கையால் நேராக்கும்போது கரண்டு வந்துவிட்டது. மெஷின் தானாகத் துள்ளி ஓடியது.

தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் முதலில் ஓடினேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அழுதேன். நடிப்பில்லை, நெஞ்சு வெடித்து அழுதேன்! விசாரிக்க வந்த கம்பெனி ஆள், மெஷினில் மாட்டியிருந்த பிளேடைப் பார்த்துவிட்டு, “மரத்துக்குப் போட்டிருக்காருங்க. எங்க பொறுப்பில்ல” என்றான். எச்சரிக்கைச் செய்தி அனுப்பியதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்போது என் நாக்கு என்ன சொல்லிற்று தெரியுமா?

“மரத்துக்குப் போடாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லித்தான் குடுக்கறேன்.”

பிளேடை விற்றவனே நான்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ரசாக் பாய் தலையணையிலிருந்து என்னைப் பார்த்தார். ‘எப்போது சொன்னீர்கள்?’ என்று கேட்பார் என்று நடுங்கினேன். அவரோ, “ஆமாங்க. அண்ணன் சொல்லியிருப்பாரு. நாந்தான் மறந்துட்டேன்” என்றார்.

கட்டைவிரல் இல்லாத கையில் பலகை நிற்காது. இப்போது ரசாக் பாய், ஒரு காலத்தில் தன்னிடம் வேலை கற்ற ஆட்கள் செய்யும் கதவுகளுக்குப் பாலிஷ் போடுகிறார்.

சலீம் விடவில்லை. ஓசூரில் அவனுக்குத் தெரிந்த டைல்ஸ் வேலைக்காரர் ஒருவருக்கு அந்தக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதை ரசாக் பாயிடம் காட்டி, உங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை, எண் கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறான். ரசாக் பாய் அந்தக் கேள்வியை நேரே என்னிடம் கொண்டுவந்தார்.

“எனக்கு எதுவும் வரலீங்களே பாய்” என்றேன்.

அவ்வளவுதான். என் பேரில் பழி போட்டுவிட்டான் என்று ரசாக் பாய் சலீமைத் திட்டி வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. பெருநாளுக்குக்கூட அவன் வரவில்லை.

நானோ நல்லவனாகிவிட்டேன்! இப்போதெல்லாம் என் கடைக்கு வருகிற எவருக்கும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, யார் செய்தது, எப்போது கைமாறியது, வாரண்டியில் எது செல்லும், எது செல்லாது என்று விளக்கிவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவரவர் எண்ணிலேயே பதிவு. தங்கவேலு மாதிரி நேர்மையான வியாபாரி உண்டா என்கிறார்கள். ஏவாரம் முன்னைவிட நன்றாக நடக்கிறது. என் பேச்சில் இன்று ஒரு பொய் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்! பழைய பொய் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ரசாக் பாயின் மனைவி நூர்ஜஹான் கடைக்கு வந்தது.

“அண்ணா, சலீமு மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கறாரு. என்னையும் அம்மா வூட்டுக்குப் போவக்கூடாதுங்கறாரு. உங்களப் பேசிட்டான்னுதான் அத்தன கோவம். சலீம வரச் சொல்லியிருக்கறன். ஞாயித்துக்கிழம நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவரு கேப்பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். சலீம் சுவரோரமாக நின்றிருந்தான். நான் உட்கார்ந்து வாயெடுப்பதற்குள் ரசாக் பாய் உருதுவில் அவனிடம் ஏதோ அதட்டலாகச் சொன்னார். சலீம் தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் வந்தான்.

“தப்பாப் பேசிட்டேங்கண்ணா. மனசுல வெச்சுக்காதீங்க. என்ன மன்னிச்சுருங்க.”

வீடே என் வாயைப் பார்த்தது. நூர்ஜஹானின் கண்ணில் நீர் கட்டி நின்றது. உண்மை என் தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது...

“அட, விடு தம்பி. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்” என்றேன்.

உண்மையைச் சொன்னவனை நான் மன்னித்தேன்! ரசாக் பாய் எழுந்துபோய் மச்சினனைக் கட்டிக்கொண்டார். நூர்ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சாப்பாட்டுக்கு விரிப்பை விரித்தது.

தட்டை இடது கையால் பிடிக்க முடியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிரியாணியை முதலில் எனக்குத்தான் பரிமாறினார் ரசாக் பாய். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா என்று கேட்டார். வையுங்கள் என்றேன்.