தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். நாங்கள் நேராகச் சமையலறைக்குப் போவோம். குழாயைத் திறந்து, கையைக் குவித்து, ஒரு வாய் குடித்துப் பார்ப்போம். வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். "சார், குடிக்கிறதுக்கு கேன் தண்ணி வாங்கிக்கலாமே" என்பார். வாங்கிக்கொள்ளலாம், யார் இல்லையென்றது? ஆனால் நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். தோல் பதனிடுகிற டேனரிகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி இறங்கிக் கெட்டுப்போன மண் எங்களுடையது. சோப்பு போட்டால் நுரைக்காது, பருப்பு வைத்தால் வேகாது. பெண் கொடுக்கப் போகிற இடத்திலேயே அந்தத் தெருவில் தண்ணீர் எப்படி என்று விசாரிக்கிற ஜனங்கள், வீடு வாங்கும்போது சும்மா இருப்போமா?

நாங்கள் என்றால் நானும் பாயும். ஷூ கம்பெனியில், புது மாடல்களுக்கு மாதிரி செய்கிற சாம்பிள் செக்‌ஷனில் அவர் தோல் வெட்டுவார், நான் தைப்பேன். என்னைவிட மூத்தவர். நான் கல்யாணம் ஆனதிலிருந்து குடியிருந்ததும் ஆம்பூரில் அவர் அப்பா வீட்டின் பின் போர்ஷனில்தான். நாங்கள் குடிவந்த புதிதில், "இவங்க யாரு?" என்று தெருவில் யாரோ கேட்டதற்கு, "நம்ம பையன்தான்" என்று பெரியவர் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. என் மனைவி கார்த்திகைக்கு விளக்கு வைப்பாள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காற்றில் அணையாமல் கையை வைத்து மறைப்பார்கள்.

பெரியவர் போன பிறகு பாயின் அண்ணன் தம்பிகள் வீட்டை விற்றுப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அதே சமயத்தில் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனைச் சென்னைப் பக்கம் மாற்றியது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே ஒரு அறையில் தங்கினோம். குடும்பங்கள் ஆம்பூரில் வேறு வேறு வாடகை வீட்டில். பாயின் மகளுக்கும் சென்னையில் வேலை கிடைத்து, ஹாஸ்டலில் இருந்தது. "காசு கையில நிக்காது தோஸ்த். கரையறதுக்குள்ள ஒரு வீட்டை வாங்கிப் போட்டா பொண்ணும் கூட வந்துடும்" என்பார். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. அதனால் எங்களுக்குள் ஒரு பேச்சு: முதலில் அமைகிற வீடு பாய்க்கு. அடுத்தது எனக்கு. ஒரே கட்டடமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போகாமல் பைக்கில் அலைந்தோம். எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் சென்னையில் என்ன கிடைக்கும் என்கிறீர்கள்? படுக்கையறை என்று காட்டுவான், கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. பால்கனி என்பான், கையை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னலைத் தொடலாம். "இதுக்கு என் தையல் மெஷின் மேஜை பெரிசுய்யா!" என்று ஒரு புரோக்கரிடம் கத்தியே விட்டேன். பாய்தான் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

நடுநடுவே ஒன்றிரண்டு நல்ல வீடுகளும் வந்தன. எனக்குப் பிடித்திருந்தது, விலையும் படிந்தது. பாய் சமையலறைக்குள் போய் வரும்போது முகம் மலர்ந்துதான் இருக்கும். ஆனால் அன்று ராத்திரியோ மறுநாளோ, "வேணாம் தோஸ்த், யோசிச்சுப் பார்த்தேன், தண்ணி உப்பு" என்பார்.

"இன்னா பாய், அப்ப நல்லாருக்குன்னு தலையாட்டினீங்க?"

"அப்ப தெரியல. நாக்குலயே நிக்குது."

எனக்கு எரிச்சலாக வரும். "உங்க நாக்குக்கு நான் எங்கிருந்து ஆத்தைக் கொண்டாறது? ரொம்ப பேஜார் பண்றீங்க!" என்று எகிறுவேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டில் ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

கடைசியில் அந்த வீடு வந்தது. விளம்பரத்தைப் பார்த்து நான்தான் போன் செய்தேன். புரோக்கர் இல்லை. வயதான தம்பதி, வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகப்போகிறார்கள். பழைய கட்டடம். ஆனால் அறைகள் அறைகளாகவே இருந்தன. ஹாலில் உட்கார வைத்து அம்மா காபி போடப் போனார். பாய் வழக்கம்போலக் குழாயைத் தேடி உள்ளே போய்விட்டார். நான் ஹாலிலிருந்தே, ஆம்பூரில் கொல்லையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, "பாய்! எப்படி இருக்குது தண்ணி?" என்று கத்தினேன்.

"தேனு தோஸ்த்! இதான் வீடு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அத்தனை சந்தோஷமான குரலை அவரிடம் நான் அதிகம் கேட்டதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் முகம் மாறியது. அவர் குரலைத் தாழ்த்தி, "வீடு உங்களுக்கா, அவருக்கா?" என்றார். அவருக்குத்தான் என்றேன். "ஓ. வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். காபி வந்தது. நல்ல காபிதான். குடித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. மத்த வீட்டுக்காரங்க ஒத்துக்கமாட்டாங்க. நீங்க வாங்கறதா இருந்தா சொன்ன விலைக்கே தரேன்." பிறகு, சும்மா கேட்பது போல, "ஆமா, அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"கூட வேலை செய்றவருங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் பாயுடைய அப்பா என்னை 'நம்ம பையன்' என்று சொன்னவர். எனக்கு 'எங்க அண்ணன்' என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் அந்த வீடு கிடைக்காது என்று உள்ளுக்குள் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறது, சனியன்.

கேன்டீனில் பாயிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து நிமிரவில்லை. "நீ எடுத்துக்க" என்றார்.

"சே, எனக்கு எதுக்கு? உங்களுக்குன்னு பார்த்தது."

"பைத்தியமா நீ? தண்ணி அப்படி இருக்குது. விட்டா கிடைக்காது. எடுத்துக்கன்றேன்ல."

இரண்டாவது தடவை நான் மறுக்கவில்லை. ஒரு தடவை மறுத்தோமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை மனைவிக்குப் போனில் சொன்னபோது, "பாய்க்குப் பார்த்த வீடாச்சே?" என்றாள். "எல்லாம் எனக்குத் தெரியும், நீ வாயை மூடு" என்று கத்தினேன். பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு?

பால் காய்ச்சிய அன்று பாய் குடும்பத்தோடு வந்தார். ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். அவர் மகள் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, "நல்லா காத்து வருது மாமா" என்றது. நான் கையிலிருந்த பால் டம்ளரை அப்படியே மேடையில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. பாய்க்கு எப்படியாவது ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட வேண்டும். முன்பு தண்ணீர் உப்பு என்று அவர் கழித்த வீடுகளில் ஒன்று இன்னும் விற்காமல் இருப்பதாகத் தெரிந்தது. உப்பாக இருந்தால் என்ன, சுத்திகரிக்கிற மெஷின் ஒன்றை என் செலவில் மாட்டிவிடலாம் என்று நினைத்து, அவரிடம் சொல்லாமல் ஒரு சாயங்காலம் தனியாகப் போனேன். அதே புரோக்கர்தான் கதவைத் திறந்தார். நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து குடித்தேன்.

உப்பே இல்லை. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீரைவிட நன்றாக இருந்தது.

"இதையா உப்புன்னு வேணாம்னார்?" என்றேன்.

புரோக்கருக்குப் புரியவில்லை. "யாரு, உங்ககூட வந்த பாயா? அவர் எங்க சார் வேணாம்னார்? ஓனர்தான் அவங்க ஆளுங்களுக்குக் குடுக்க மாட்டேன்னுட்டார். அன்னிக்கு ராத்திரியே பாய்க்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே. உங்ககிட்ட சொல்லலயா?"

சொல்லவில்லை. தண்ணீர் உப்பு என்றுதான் சொன்னார். நான் அவரைத் திட்டினேன், நாக்கைக் கேலி செய்தேன், அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதென்று, ஒவ்வொரு முறையும் பழியைத் தண்ணீர் மேல் போட்டிருக்கிறார். எனக்காகப் பொய் சொன்ன மனுஷனுக்காக நான் ஒரு பொய் சொல்லவில்லை. பைக்கை எடுக்கவே முடியாமல் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.

இது தெரியும் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் சேர்ந்துதான் போகிறோம். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அவரைப் 'பாய்' என்று சத்தமாகக் கூப்பிடுவதே இல்லை. போன வாரம் பார்த்த வீட்டில், பாய் சமையலறையில் இருக்கும்போது வீட்டுக்காரர் அவருடைய முழுப் பெயரைக் கேட்டார். பாய் அங்கிருந்தே சொன்னார். வீட்டுக்காரர் கையிலிருந்த சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாய் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தண்ணி உப்பு தோஸ்த். வா, போலாம்."

முன்பென்றால் சண்டை போட்டிருப்பேன். சமையலறைக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம்.

"ஆமா பாய், உப்புதான்" என்று சொல்லிவிட்டு, அவர் பின்னாலேயே படியிறங்கினேன்.