அண்ணன் வாய்க்கு ஏற்ற பல்

என் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். வீட்டின் பின்பக்க அறைதான் பட்டறை. மெழுகு, சின்ன அடுப்பு, அலமாரி நிறைய முன்பின் தெரியாதவர்களின் வாய் அச்சுகள். வெளியூர் டாக்டர்கள் அச்சு எடுத்துப் பார்சலில் அனுப்புவார்கள், இவர் பல் கட்டித் திருப்பி அனுப்புவார். உள்ளூரில் இவருக்குப் 'பல்லு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, அதோடு சரி. பல் விழுந்தால் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள்.

ஊரை விடுங்கள். கூடப்பிறந்த அண்ணனுக்கே இவர்மேல் நம்பிக்கை கிடையாது. நான் மாமா என்று கூப்பிடுகிற அந்த மனிதருக்குப் பல்லெல்லாம் போனதும், இவர் பார்த்துப் பார்த்து ஒரு செட் செய்து கொடுத்தார். மாமா ஒரே ஒரு நாள் மாட்டினார். "குத்துதுடா. சின்ன வயசுல ஒரு காத்தாடி ஒட்டத் தெரியாது உனக்கு" என்று கழற்றி டப்பாவில் போட்டார். அப்புறம் எங்கெங்கோ அலைந்து இரண்டு செட் வாங்கினார். இரண்டும் ஈறைப் புண்ணாக்கின. கஞ்சியும் பாலுமாகக் குடித்து மனிதர் பாதி ஆளாகிவிட்டார், சட்டைக்குள் அவரைத் தேட வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம்.

ஒரு நாள் பார்சலில் வந்த அச்சைக் கையில் எடுத்த இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழ் ஈறில் இடது பக்கம் ஒரு மேடு.

"இது அண்ணன் வாய்" என்றார்.

பழைய அளவோடு ஒத்துப் பார்த்தார். ஒரு நூல் மாறவில்லை. "போன தடவை செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. அதையேதான் திரும்பச் செய்யப் போறேன்."

"செய்யுங்க. மாட்டினதும் நான் போய் அவர்கிட்டச் சொல்றேன்."

"சொல்லிடாத. நான் செஞ்சதுன்னு தெரிஞ்சா மறுபடியும் குத்தும்."

அடுத்த வாரம் மாமா வாய் நிறையப் பல்லோடு வந்தார். நான் கேட்பதற்குள் தட்டிலிருந்த வறுத்த கடலையை அள்ளி நறுக் நறுக்கென்று மென்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"டாக்டர்னா அவர் டாக்டர். அவர் கையால செஞ்சது" என்றவர், தம்பியைப் பார்த்தார். "உன்னால இப்படி ஒண்ணு செய்ய முடியுமாடா?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் பக்கம் திரும்பினேன். இவர் அண்ணனின் தாடை அசைவதையே கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஷ்டம்தாண்ணே" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு, மாமாவின் தட்டில் இன்னும் இரண்டு கை கடலை அள்ளிப் போட்டேன்.