விதானையார் வீட்டில் தொடக்கூடாத சாமான்கள்

நூதனசாலை வேலை என்றால் காலாட்டிக்கொண்டு கதிரையில் இருக்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு கிழமை என் இடத்தில் வந்து நின்று பார்க்கட்டும். கடையிலோ கந்தோரிலோ நாள் முழுக்க ஆட்களுக்கு முகம் கொடுத்துப் பிழைக்கிற உங்களுக்கு என் நிலைமை சொல்லாமலே விளங்கும். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, ஊர் நிர்வாகம் பார்த்த பழைய விதானையார் ஒருவரின் கல்வீட்டை எங்கள் ஊர் வரலாற்றுக் கழகம் நூதனசாலையாக நடத்துகிறது. கதவு திறப்பது, கூட்டுவது, விளக்கம் சொல்வது, வௌவால் கலைப்பது எல்லாம் நான் ஒருத்திதான்.

அட்டைகள்

யுத்த இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பியபோது அந்த வீட்டில் சுவரைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கனடாவில் இருக்கும் விதானையாரின் மகள் ஐந்து வருடத்துக்கு வீட்டைக் கழகத்திடம் கொடுத்தார். கூரை போட்டோம். உள்ளே வைக்க ஊர்ச்சனம் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து தந்தது. கட்டில் தபால்காரர் வீட்டுடையது. அலுமாரி முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா தந்தது. கலியாணச் சோறு அவிக்கிற செப்புக் கிடாரம் பின்வளவு மணியக்காவுடையது. கழகச் செயலாளர் ஓர் இளைப்பாறிய கணித மாஸ்டர். அவர் எல்லாவற்றிலும் அட்டை எழுதி ஒட்டினார்: விதானையார் படுத்த கட்டில், விதானையாரின் அலுமாரி, விதானையார் வீட்டுக் கிடாரம். போதாததற்கு, 'உங்கள் ஐயாவின் சாமான்கள் பத்திரமாக உள்ளன' என்று வருடா வருடம் கனடாவுக்குக் கடிதமும் போட்டார்.

இது பொய்யல்லவா என்று கேட்டேன். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வீடு அவற்ர எண்டா சாமானும் அவற்ரதான், பிள்ளை. ஆர் வந்து கேக்கப்போகினம்?"

வவுனியாவிலிருந்து ஒரு வான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வவுனியாவிலிருந்து ஒரு குடும்பம் வான் பிடித்து வந்தது. உரல், சுளகு, அரிக்கன் லாம்பு என்று தொண்டை வற்ற அரைமணி நேரம் விளக்கினேன். குடும்பத்தலைவி ஒவ்வொன்றையும் சந்தையில் மரக்கறி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கணவரிடம் திரும்பினார்: "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? கரண்ட் போனா எங்கட குசினியில இதே லாம்புதானே எரியுது."

மத்தியான நித்திரை

பஸ் பிந்தினால் என் நூதனசாலைதான் தரிப்பிடம். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், 'தொடக்கூடாது' என்ற அட்டைக்குக் கீழே, விதானையார் படுத்ததாகச் சொல்லப்படும் கட்டிலில், ஒரு பெரியவர் குறட்டை விடுகிறார். ஆட்கள் கிட்டப் போகாமல் சுற்றிவரக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நான் தட்டி எழுப்ப, ஆறுதலாகச் சால்வையை உதறினார். "கத்தாதை, தங்கச்சி. விதானையாற்ர வயலை வருசம் வருசமா வெட்டினது என்ர அப்பு. நான் ஒரு மணித்தியாலம் படுத்தா என்ன குறைஞ்சுபோகும்?"

கிடாரம்

போன வருடம் கனடா மகளிடமிருந்து கடிதம் வந்தது. ஐந்து வருடம் முடிகிறது, தை மாதம் வருகிறேன், ஐயாவின் சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டை விற்க யோசிக்கிறேன், நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று எழுதியிருந்தார். வாங்க நின்றவர் வீட்டை இடித்து விடுதி கட்டப் போகிறவர் என்று ஊரெல்லாம் கதை. எவ்வளவு எரிச்சல் பட்டாலும், அந்தச் சுவர்கள் விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மகள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மணியக்கா லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்து, தன் கிடாரத்தை ஏற்றத் தொடங்கினார். மணியக்காவின் மகளுக்குக் கலியாணமாம். 'இந்தக் கிழமை மட்டும் வேண்டாம் அக்கா, எங்களுக்குத் தந்ததை இப்படித் தூக்கிக்கொண்டு போகலாமா' என்று கெஞ்சினேன். லான்ட்மாஸ்டரில் ஏறி இருந்துகொண்டு சொன்னார்: "பாக்கத் தந்தனான், இல்லையெண்டேல்லை. அதுக்காக முந்நூறு பேருக்குச் சோறு உங்கட அட்டையிலயோ அவிக்கிறது?"

மகள்

வந்தவருக்கு எழுபதுக்கு மேலிருக்கும், கண் மட்டும் வலு கூர்மை. மாஸ்டர் குழைந்து குழைந்து கட்டிலைக் காட்டினார். "எங்கட ஐயா கட்டில் எண்டா நாரி நோகுமெண்டு பாயிலதான் படுத்தவர்" என்றார் மகள். அலுமாரியைத் திறந்து மூடினார். "இதுகும் எங்கட இல்லை." பிறகு 'விதானையார் வீட்டுக் கிடாரம்' என்ற அட்டைக்குக் கீழே இருந்த வெறும் நிலத்தைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஐந்து வருடப் புழுக்கம் எனக்கு அப்போதுதான் வெளியே வந்தது. எது எந்த வீட்டுச் சாமான் என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டேன். வீடு போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மணியக்கா, கலியாணச் சமையல் முடித்து, புளி போட்டு மினுக்கிய கிடாரத்தை இறக்கி உள்ளே உருட்டிக்கொண்டு வந்தார். "இது ஆற்ர?" என்று மகள் கேட்டார். "என்ர. இடம்பெயர்ந்து போகேக்க கிணத்தடியில தாட்டு வைச்சிட்டுப் போனனான். வந்து கிண்டினன். வீடும் இல்லை, என்ர மனுசனும் இல்லை, இது கிடந்தது" என்றார் மணியக்கா, பருப்பு விலை சொல்கிற குரலில்.

மகள் கட்டிலில் இருந்துவிட்டார். தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கிடாரத்தின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தவர், இன்னும் பத்து வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதாகவும், அட்டைகளை மட்டும் மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டு எழும்பினார். மாஸ்டருக்கு நம்ப முடியவில்லை. ஏன் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஐயாவின்ர சாமானா இருந்தா அள்ளிக்கொண்டு போயிருப்பன், மாஸ்டர். ஊராக்கள் கிண்டி எடுத்துக் கொண்டந்து வைச்சதை நான் என்னெண்டு தெருவில இறக்கிறது?"

பொய்யை ஒட்டி வைத்திருந்த ஐந்து வருடமும் அட்டைக்காக ஒருவரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. உண்மையை எழுதி ஒட்டிய நாளிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைவிடத் தன் பெயர் சின்னதாக இருக்கிறது என்று கிழமைக்கு ஒருவர் எழுத்தை அளக்க அடிமட்டத்தோடு வந்து நிற்கிறார்.