வாய்க்கால் தாண்டிய அம்பு

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் வில்வித்தை கற்றுக்கொள்ளும் முதல் பிள்ளை நான்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலேயே சொல்வார். உரக்கடையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்வார். சனிக்கிழமைதோறும் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய், பயிற்சி முடியும்வரை மைதானத்து ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். அப்போது எனக்குப் பதினொரு வயது.

சம்பா அறுவடை முடிந்த சமயம், சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா லீவில் வந்தார். "பொம்பளப் புள்ளைக்கு வில்லு எதுக்குடா? பாட்டு, டான்ஸுன்னு சேத்துவிட வேண்டியதுதானே?" என்றார். அந்தச் சனிக்கிழமை அப்பா கோச்சிடம் கெஞ்சி, ஒரு மூங்கில் வில்லையும் மூன்று அம்புகளையும் வீட்டுக்கு வாங்கிவந்தார்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் உறவுக்காரர்கள் எங்கள் வயலில் கூடினார்கள். மெஷின் சுருட்டிப் போட்டிருந்த வைக்கோல் கட்டுகளை அப்பா அடுக்கி, வட்டம் போட்ட தாளை அதில் குத்தியிருந்தார். குடும்ப குரூப்பில் போடுவதற்காகப் பெரியப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

வில்லை எடுத்து நாணை இழுத்தேன். முதல் அம்பு பாதி வழியிலேயே தரையில் விழுந்து சறுக்கியது. இரண்டாவது, கட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. மூன்றாவது எல்லாவற்றுக்கும் மேலே பறந்து, வாய்க்காலையும் தாண்டிப் புதருக்குள் மறைந்தது.

யாரோ சிரித்தார்கள். என் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாண்ணே!" என்று அப்பா கையைத் தட்டினார். "வாய்க்காலத் தாண்டிடுச்சு! இந்த வயசுல யாரால முடியும்?"

செல்போன் அப்பா பக்கம் திரும்பியது. "ஏன்டா, அம்பு விடறதுன்னா தூரமா விடறதா?"

"பின்ன? தூரமாப் போனாத்தான் அம்பு. கிட்டக்க விழுந்தா அது குச்சி!"

கூட்டமே சிரித்தது. பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அன்று மாலை குரூப்பில் வந்தது அப்பா பேசியது மட்டும்தான். நான் அம்பு விட்டது அதில் இல்லை. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் பல மாதம் அதைச் சொல்லிச் சொல்லி அப்பாவைக் கிண்டல் செய்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கோ அன்று அப்பாமேல் ஆத்திரமாக இருந்தது. புதருக்குள் தேடி எடுத்துவந்த அம்பை அவர் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, "ஒண்ணும் தெரியாம ஏம்ப்பா பேசினீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"எனக்கு என்ன பாப்பா தெரியும்?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, பயிற்சியில் கோச் என் அம்புகளைப் பார்த்து மதிப்பெண் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒம்பது, எட்டு, ஏழு."

பின்னால் நின்ற அப்பா தயங்கியபடி, "சார், அந்த எட்டு, உள்வட்டக் கோட்டத் தொட்டிருக்குங்க. ஒம்பதுதானே வரும்?" என்றார்.

கோச் குனிந்து பார்த்தார். "ஆமா சார், கரெக்டு."

இவ்வளவு தெரிந்த மனிதர் பெரியப்பாவுக்கு முன்னால் ஏன் அப்படி உளறினார் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஊர் வந்து இறங்கும்வரை எனக்குப் பிடிபடவில்லை.